அளவுகோலும் அமானத்தும்

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் பாலாவியிலிருந்து கற்பிட்டி நோக்கி வரும் வீதியின் இருமருங்கிலும் பதாகைகள் முளைத்துவிடும். நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை என்று ஊருக்கு ஊர் பத்து வயதுப் பிள்ளைகளின் முகங்கள். ஒவ்வொரு முகத்தின் கீழும் ஓர் இலக்கம்: 158, 162, 171. பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் அவற்றை வாசித்து, யாருடைய பிள்ளை என்று விசாரிப்பார்கள். பதாகையில் இடம்பெறாத பிள்ளைகளுக்கும் இலக்கங்கள் உண்டு. அவற்றை வீட்டுக்குள் வாப்பாவும் உம்மாவும் மட்டும் வாசிப்பார்கள். பிள்ளையும் வாசிக்கும்.

அந்த இலக்கம் எதனை அளக்கிறது? பிள்ளை கற்றதையா, அதன் இயல்பான அறிவையா, வீட்டின் வசதியையா, ஆசிரியரின் உழைப்பையா? இக்குடாநாட்டுப் பாடசாலைகளில் இருபது வருடங்களாகக் கற்பித்து வருபவன் என்ற வகையில் இவ்வினாவை நான் தவிர்த்துவிட முடியாது. இப்பரீட்சையின் முதலாம் வினாத்தாள் பாடப் புத்தகத்தைச் சோதிப்பதன்று. 40 வினாக்கள், ஒரு மணித்தியாலம். உருவத் தொடர்கள், எண் கோலங்கள், பொருந்தாததைத் தெரிவு செய்தல், தர்க்கப் புதிர்கள். உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனை என்று எதைச் சொல்கிறார்களோ அதன் வழியில் வந்த பிள்ளைதான் இந்த வினாத்தாள். ஆகவே தாயின் கதையையும் சற்று அறிந்துகொள்வது நல்லது.

1904இல் பிரெஞ்சு அரசாங்கம் ஒரு குழுவை நியமித்தது. கட்டாயக் கல்வி நடைமுறைக்கு வந்த பின் சாதாரண வகுப்பில் ஈடுகொடுக்க முடியாத பிள்ளைகளை எவ்வாறு இனங்காண்பது, அவர்களுக்கு எவ்வாறு விசேட கல்வி வழங்குவது என்பதே குழுவின் முன் இருந்த பிரச்சினை. அதில் அங்கம் வகித்த அல்பிரட் பினே என்ற உளவியலாளர், மருத்துவர் தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் 30 செயல்களைக் கொண்ட ஓர் அளவையை ஆக்கினார். எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்லும் சிறு சிறு வேலைகள் அவை. படத்தில் உள்ள பொருளைக் காட்டுதல், இலக்கங்களைத் திருப்பிச் சொல்லுதல், இரு சொற்களின் வேறுபாட்டைக் கூறுதல் போன்றவை. 1908இல் அவர் இவற்றை வயதுவாரியாக அடுக்கினார். எட்டு வயதுப் பிள்ளை ஆறு வயதுப் பிள்ளைகள் செய்யும் அளவுக்கே செய்தால், இரு வருடம் பின்தங்கியுள்ளது என்று அறிந்து அதற்கு உதவ வேண்டும். பினேயின் நோக்கம் அவ்வளவுதான்.

தமது அளவை அறிவின் முழு உயரத்தையும் காட்டும் என்று அவர் சொல்லவில்லை. அறிவு பிறப்போடு வந்து மாறாமல் நிற்கும் ஒன்று என்று பேசியவர்களை 1909இல் வெளியிட்ட நூலில் கண்டித்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்கான வகுப்புகளில் கவனத்தையும் ஞாபகத்தையும் வளர்க்கும் பயிற்சிகளைப் புகுத்தினார். 1911இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு ஜேர்மனியரான வில்லியம் ஸ்டேர்ன் மன வயதை உண்மை வயதால் வகுக்கலாம் என்றார். 1916இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் டேர்மன் அந்த ஈவை நூறால் பெருக்கும் முறையைப் பிரபலப்படுத்தினார். நுண்ணறிவு ஈவு என்ற ஒற்றை இலக்கம் இவ்வாறு பிறந்தது. எந்தப் பாடத்தில், எந்த வேலையில் பிள்ளைக்கு உதவி தேவை என்ற விபரம் அந்த ஒற்றை இலக்கத்தில் மறைந்துபோனது.

அதன் பின் நடந்தது நாம் படிப்பினை பெற வேண்டிய கதை. 1913இல் ஹென்றி கொடார்ட் என்பவர் தமது உதவியாளர்களை நியூயோர்க்கின் எலிஸ் தீவுக்கு அனுப்பினார். நெடுங்கடற் பயணத்தின் களைப்போடு கப்பலால் இறங்கிய ஏழைக் குடியேற்றவாசிகளை மொழிபெயர்ப்பாளர் மூலம் சோதித்து, அவர்களிற் பெரும்பாலோர் மந்தபுத்தியுடையோர் என்று எழுதினார். முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1917இலிருந்து, 17 இலட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் சோதிக்கப்பட்டனர். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கென்று ஆக்கப்பட்ட படச் சோதனையில், குறையும் பாகத்தை வரையும்படி கேட்கப்பட்டது. ஒரு படத்தில் டென்னிஸ் மைதானம், வலை இல்லை. இன்னொன்றில் இசைத்தட்டுப் பெட்டி, குழல் இல்லை. டென்னிஸ் மைதானத்தை வாழ்நாளில் கண்டிராத சிசிலித் தீவுக் குடியானவன் அங்கே எதைக் குறையாகக் காண்பான்? இச்சோதனைகளின் புள்ளிகளைக் கொண்டு கார்ல் பிரிகம் 1923இல் ஒரு நூல் எழுதி, தென் ஐரோப்பிய, கிழக்கு ஐரோப்பிய மக்கள் அறிவிற் குறைந்தவர்கள் என்றார். 1924இல் அம்மக்களின் வருகையைக் கடுமையாக மட்டுப்படுத்தும் குடிவரவுச் சட்டம் வந்தது. அச்சட்டத்துக்குச் சோதனைகள் மட்டும் காரணமல்ல. ஆயினும் ஏற்கனவே இருந்த வெறுப்புக்கு அவை விஞ்ஞானத்தின் முத்திரையைக் குத்திக் கொடுத்தன. 1930இல் பிரிகம் தமது முடிவுகள் ஆதாரமற்றவை என்று தாமே எழுதி ஒப்புக்கொண்டார். சட்டம் தொடர்ந்தும் இருந்தது.

இக்கதையை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்பவர், இந்த அளவைகளைக் கடலில் எறிந்துவிடலாம் என்ற முடிவுக்கு வரக்கூடும். நான் அந்த முடிவுக்கு வரவில்லை. காரணம் நம் நாட்டுக் கதையில் உள்ளது.

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1945இல், இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பாடசாலைகள் நகரங்களில் மட்டும் இருந்த நாட்டில், கிராமங்களை நோக்கி ஐம்பதுக்கும் மேற்பட்ட மத்திய பாடசாலைகள் எழுந்தன. அவற்றின் விடுதிகளில் தங்கிப் படிக்க ஏழை வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளையைத் தேடி எடுக்கும் வழியாகவே 1940களில் புலமைப்பரிசில் பரீட்சை வந்தது. அதே 1945இல்தான் அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவி, பணமில்லாத காரணத்தால் படிப்பை நிறுத்தவிருந்த நம் சமூகத்து மாணவர் பலருக்குக் கைகொடுத்தார். இரண்டினதும் அடிப்படை ஒன்றே: திறமை ஏழை வீட்டிலும் பிறக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பரீட்சை இல்லாவிட்டால் பெரிய பாடசாலையின் வாசலில் எது தீர்மானிக்கும்? யாரைத் தெரியும், எவ்வளவு தருவாய் என்ற இரண்டும்தான். வினாத்தாள் வாப்பாவின் பெயரைக் கேட்பதில்லை. மீனவரின் மகளும் முதலாளியின் மகனும் ஒரே தாளுக்கு விடை எழுதுகிறார்கள். இந்த நீதியை இலேசாக எண்ணிவிடக் கூடாது.

ஆனால் ஒரே தாளுக்கு விடை எழுதுவதும் ஒரே அளவையால் அளக்கப்படுவதும் ஒன்றல்ல. கடைகளில் விற்கும் மாதிரி வினாத்தாள் ஒன்றில் ‘பொருந்தாததைத் தெரிவு செய்க’ என்ற வகையில் நான்கு பெயர்கள் இருந்தன: பாரை, அறக்குளா, சூடை, இறால். விடை இறால், ஏனையவை மீன்கள். கண்டக்குழிப் பக்கம் வாடி வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் சூடையைத் தெரிவு செய்திருந்தான்.

“ஏன் மகன் சூடை?” என்று கேட்டேன்.

“மத்த மூண்டையும் ஐஸ் போட்டு கொம்பனிக்காரன் லொறியில ஏத்துவான் சேர். சூடை கருவாட்டுக்குத்தானே போவும்” என்றான்.

அவனிடம் வகைப்படுத்தும் ஆற்றல் இருக்கிறது. அவன் வீடு பிழைக்கும் வகைப்பாடு அது. ஆயினும் புள்ளித்திட்டத்தில் அதற்குப் பூச்சியம்.

இப்பையனின் உறவினர்களை உலகின் பல பாகங்களில் உளவியலாளர் சந்தித்திருக்கிறார்கள். 1931, 1932ஆம் ஆண்டுகளில் ரஷ்ய உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா உஸ்பெகிஸ்தானின் கிராமங்களுக்குச் சென்றார். சுத்தியல், வாள், மரக்குற்றி, கோடரி ஆகியவற்றுள் சேராதது எது என்று எழுத்தறிவற்ற முஸ்லிம் குடியானவர்களைக் கேட்டார். மரக்குற்றி இல்லாவிட்டால் வாளும் கோடரியும் எதற்கு, நான்கும் சேர்ந்துதானே இருக்க வேண்டும் என்றார்கள் அவர்கள். சிறிது காலம் பாடசாலை சென்றவர்களோ மரக்குற்றியை ஒதுக்கி ஏனையவற்றைக் கருவிகள் என்று வைத்தார்கள். சில தசாப்தங்களுக்குப் பின் மைக்கல் கோலும் அவரது சகாக்களும் ஆபிரிக்காவின் லைபீரியாவில் கெபெல்லே இனத்தவரிடம் உணவுப் பொருட்களையும் கருவிகளையும் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். தோடம்பழத்தோடு கத்தியையும், கிழங்கோடு மண்வெட்டியையும் வைத்து, அறிவுள்ளவன் இப்படித்தான் பிரிப்பான் என்றார்கள் அம்மக்கள். அப்படியானால் மடையன் எப்படிப் பிரிப்பான் என்று கேட்டபோது, உணவை ஒரு பக்கமும் கருவிகளை இன்னொரு பக்கமும் அழகாக அடுக்கிக் காட்டினார்கள். சோதனையில் முழுப் புள்ளி பெறும் விடை அதுவே! அவர்களுக்கு அந்த முறை தெரியாமலில்லை. அது அறிவு என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பிரேசிலின் ரெசீபே நகர வீதிகளில் வியாபாரம் செய்த ஐந்து சிறுவர்களைப் பற்றிய ஆய்வு 1985இல் வெளிவந்தது. பத்துத் தேங்காய் என்ன விலை என்று ஆய்வாளர் வாங்குபவர் போலக் கேட்டார். ஒன்று 35. மூன்று 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210, மேலும் மூன்று 315, அதோடு ஒன்று, ஆக 350 என்று மனக்கணக்காய்ச் சொன்னான் ஒரு பையன். சந்தையில் இவ்வாறு கேட்கப்பட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. பின்னர் அதே சிறுவர்களிடம் அதே மாதிரியான கணக்குகளைப் பாடசாலை வழக்கப்படி இலக்கங்களாகக் கொடுத்தபோது சரியானவை நூற்றுக்கு 37 மட்டுமே. மூளை ஒன்றுதான், கேட்கப்பட்ட விதம் மாறியது. புத்தளம் சந்தையில் வெங்காயமும் மிளகாயும் நிறுக்கும் தந்தையோடு நிற்கும் பிள்ளைகளைக் கண்டவர்களுக்கு இது புதினமாகத் தோன்றாது. அல்குர்ஆனின் பல ஜுஸ்உக்களை மனனமிட்ட சிறுவன் ஞாபகசக்தி குறைந்தவன் என்று பாடசாலையில் பெயரெடுப்பதையும் நாம் காண்கிறோம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘கடலோரப் பிள்ளைக்குக் கடலறிவு போதும், அதுவும் ஒரு நுண்ணறிவுதானே’ என்று சிலர் பாராட்டுகிறார்கள். ஹோவார்ட் கார்ட்னர் 1983இல் முன்வைத்த பல்வகை நுண்ணறிவுக் கோட்பாட்டை ஆசிரியர் கலாசாலையில் நாங்களும் படித்தோம். அதை இவ்விதம் சொல்லித் தப்பிக்கொள்ளும் வழியாக்குவது பெரிய அநீதி. இப்படிப் பாராட்டுபவர்கள் தம் பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்புவதில்லை. சாதாரண தரமும் உயர்தரமும் பல்கலைக்கழகமும் இறாலை மீனிலிருந்து பிரிக்கும் அறிவையே கேட்கின்றன. அந்த வாசலை நம் பையனுக்கு மூடிவிட்டு அவனது கருவாட்டறிவைப் புகழ்வதும் அளவையிற் குறைப்பதுதான். அவனுக்குத் தெரிந்த வகைப்பாட்டை மதித்து, இன்னொன்றையும் கற்றுக்கொடுப்பதே ஆசிரியரின் வேலை.

அதைக் கற்றுக்கொடுக்க முடியுமா? முடியும் என்பதற்கு நம் மரபிலேயே ஒரு சான்று உண்டு. 1377இல் எழுதிய முகத்திமாவில் இப்னு கல்தூன் இப்பிரச்சினையைத் தொடுகிறார். மேற்கிலிருந்து, அதாவது மக்ரிப் பிரதேசத்திலிருந்து, கிழக்கு நாடுகளுக்குக் கல்வி தேடிச் சென்ற பயணிகள், கிழக்கத்தியர் பிறப்பிலேயே தம்மைவிட அறிவு கூடியவர்கள் என்று எண்ணினார்களாம். அது தவறு என்கிறார் இப்னு கல்தூன். கைத்தொழில்களும் எழுத்தும் கணக்கும் நகர வாழ்வின் பழக்கங்களும் மனிதனின் அறிவுக்கு மேலும் அறிவைச் சேர்க்கின்றன. அந்தச் சேர்க்கையைக் கண்டவர்கள் அதை இயற்கை என்று மயங்கிவிட்டார்கள் என்பது அவர் விளக்கம். இயல்பான அறிவில் மிக உயர்ந்தவர்கள் நாடோடி மக்களிடையேயும் உண்டு என்கிறார். அறுநூறு ஆண்டுகளுக்குப் பின், 1987இல், ஜேம்ஸ் பிளின் என்ற ஆய்வாளர் 14 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து, ஒரு தலைமுறைக்குள்ளேயே நுண்ணறிவுச் சோதனைப் புள்ளிகள் 5 முதல் 25 வரை உயர்ந்திருப்பதைக் காட்டினார். ஒரு தலைமுறைக்குள் மனிதரின் இரத்தம் மாறிவிடுவதில்லை. பாடசாலையும் வாழ்க்கை முறையும் மாறியிருந்தன.

இதை நமது அரசாங்கமும் ஒருவகையில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் வேறுபடுகிறது. புள்ளி பிள்ளையை மட்டுமே அளக்கிறது என்றால் மாவட்டத்தைப் பார்ப்பது எதற்கு? பிள்ளைக்குக் கிடைத்த பாடசாலையும் ஆசிரியரும் புத்தகமும் அந்த இலக்கத்துக்குள் இருக்கின்றன என்பதால்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. மன்னாரிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்திறங்கியவர்களின் பிள்ளைகள் ஓலைக் கொட்டில்களிலும் மாலை நேரப் பாடசாலைகளிலும் படித்தார்கள். விளக்கில்லாத முகாமிலிருந்து வந்து பரீட்சை எழுதிய அப்பிள்ளைகளின் புள்ளி, அவர்களுடைய அறிவைச் சொன்னதா, அவர்களுக்கு நேர்ந்ததைச் சொன்னதா? அவர்களிற் பலர் பின்னாளில் ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் வந்திருப்பதை இச்சஞ்சிகையின் வாசகர்கள் அறிவார்கள்.

மறுபக்கத்தில், பயிற்றப்பட்ட பிள்ளையின் புள்ளியும் நம்மை ஏமாற்றக்கூடும். புதிய பிரச்சினையைக் கண்டதும் பிள்ளை எவ்வாறு சிந்திக்கிறது என்று பார்ப்பதற்காக ஆக்கப்பட்ட வினாக்களை, மூன்றாம் தரத்திலிருந்தே ரியூசன் வகுப்பில் நூற்றுக்கணக்கான மாதிரித் தாள்களாகச் செய்து பழக்குகிறோம். அதன்பின் அவை சிந்தனையை அளப்பதில்லை. பழக்கத்தையும் வகுப்புக்குக் கட்டிய பணத்தையும் அளக்கின்றன. 2024 செப்டெம்பரில் நடந்த பரீட்சையின் முதலாம் வினாத்தாளிலிருந்து மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியான விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சை இத்தனை பெரிய பந்தயமாகிவிட்டது.

அறிவை விட்டு ஆளுமைக்கு வந்தால் நிலைமை இன்னும் சிக்கலானது. 1936இல் ஓல்போர்ட்டும் ஒட்பேர்ட்டும் ஆங்கில அகராதியிலிருந்து மனிதரின் குணத்தைச் சுட்டும் ஏறத்தாழ 18,000 சொற்களைத் திரட்டினார்கள். பின்வந்தவர்கள் புள்ளிவிபரவியலின் துணையோடு அவற்றை ஐந்து பெரும் பண்புகளாகச் சுருக்கினார்கள். இவற்றை அளப்பது பெரும்பாலும் வினாக்கொத்துகளாலேயே. தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்வது ஒன்று. வேறொருவர் மதிப்பிடுவது இன்னொன்று. இரண்டாவதன் பலவீனத்தை 1920இலேயே எட்வர்ட் தோண்டைக் காட்டினார். படை அதிகாரிகள் ஒரு வீரனின் தோற்றத்தை நன்று என்று எழுதினால், அவனது புத்தி, தலைமைத்துவம், நம்பகத்தன்மை எல்லாவற்றையும் நன்று என்றே எழுதினார்கள். ஒன்றின் ஒளி மற்றவற்றின் மீதும் விழுந்துவிடுகிறது. அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டையோடு முன்வாங்கில் இருப்பவனுக்கு மாணவர் தலைவர் பட்டியை அணிவிக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் இதை யோசிக்க வேண்டும். செயல்கள் எண்ணங்களைக் கொண்டே மதிப்பிடப்படும் என்பது நமது நம்பிக்கை. நிய்யத்தை அளக்கும் கோல் எந்த உளவியலாளரிடமும் இல்லை.

ஆகவே என் முடிவு இதுதான். பிள்ளையை அளக்கலாம், அளக்கவும் வேண்டும். எதுவரை வந்திருக்கிறது, அடுத்து எதைக் கற்பிக்க வேண்டும் என்று அறிய அளவு வேண்டும். குறைந்த இடங்களை நீதியாகப் பங்கிடவும் ஓர் அளவு வேண்டும். ஆனால் அதே இலக்கத்தை எடுத்து, இவன் இவ்வளவுதான் என்று பிள்ளையின் பெறுமதியாக எழுதிவிடும் உரிமை எவருக்கும் இல்லை. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்க அல்குர்ஆனில் ஓர் அத்தியாயமே, 83ஆவது அத்தியாயம், இருக்கிறது. தராசையும் மரைக்காலையும் பற்றி மட்டுமே அதைப் படித்துப் பழகிவிட்டோம். பிள்ளை நம்மிடம் தரப்பட்ட அமானத். ஒரு மணித்தியாலத்தில் எழுதிய 40 விடைகளைக் கொண்டு, ‘இவனுக்கு மண்டையில ஒண்ணுமில்ல’ என்று பத்து வயதில் தீர்ப்பளிப்பது அந்த அமானத்தில் செய்யும் குறைநிறுவை.

ஆண்டுதோறும் மூன்று இலட்சம் அளவிலான பிள்ளைகள் இப்பரீட்சையை எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவோர் ஆறேழு பேருக்கு ஒருவர் மட்டுமே. அந்த ஒருவருக்காகப் பள்ளிவாசல் நிருவாகமும் நலன்புரிச் சங்கங்களும் பாராட்டு விழா எடுக்கின்றன. கேடயமும் புத்தகப் பையும் கொடுக்கின்றன. எடுக்கட்டும், உழைத்த பிள்ளை மகிழட்டும். அதே கூட்டத்தில் இன்னொரு பட்டியலையும் அதிபரிடம் கேட்டு வாங்கலாம். பெயர்கள் மேடையில் வாசிக்கப்பட வேண்டியதில்லை. வாசிப்பில் பின்தங்கியவர் யார், கணக்கில் உதவி தேவைப்படுபவர் யார், கண் பார்வைக் குறைபாட்டால் கரும்பலகை தெரியாமல் இருப்பவர் யார் என்ற பட்டியல் அது. விழாச் செலவில் ஒரு பங்கு போதும். மஃரிபுக்குப் பின் மத்ரஸா மண்டபத்தில் ஒரு வகுப்பு நடத்தலாம், இரண்டு மூன்று பிள்ளைகளுக்குக் கண்ணாடி வாங்கலாம். 1905இல் பினே தமது 30 செயல்களையும் ஆக்கியது இந்த இரண்டாவது பட்டியலுக்காகத்தான்.